தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய வானம்

வெள்ளோடையில் வானம் மாசானத்தின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு. அதை முதலில் பார்த்தவர்கள் விடிகாலை மூன்று மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பிய பெண்கள். பார்த்துவிட்டு அவர்கள் செய்ததெல்லாம், தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, தூக்குவாளியைக் கைமாற்றிக்கொண்டு, "இந்த மனுசனுக்கு வந்த வாழ்வைப் பாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்ததுதான். கடல் பின்வாங்கி மூன்று நாள் திரும்பாமல் இருந்த வருஷத்தையும் மழை கரிக்கக் கரிக்கப் பெய்த வருஷத்தையும் பார்த்த ஊர் அது. வானம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றுவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அது எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்தவர் ஒருவர்தான், லேத் பட்டறை சொரிமுத்து. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் முதலில் மாசானத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அவர் வாயில் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

சொரிமுத்து அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் உப்பளத்து மோட்டார் எது சுழலாமல் நின்றாலும் அவர் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். சுழல்கிற எதற்கும் நடு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். பட்டறைக்கு வடக்கே ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் லாரி வைத்து உப்பு ஏற்றும் மாசானத்தின் வீடு. இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். சாயங்காலமானால் மாசானம் பட்டறைப் பெஞ்சில் வந்து உட்காருவான், டீ வரும், குடித்துவிட்டுப் போவான். அப்படி இருக்கும்போதுதான் சொரிமுத்துவின் ஒரே மகள் செண்பகவல்லி, மாசானத்தின் மகன் ஆவுடையப்பனைத் தூத்துக்குடியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையோடு சந்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினாள். மகள் போனதைக்கூட அவர் எப்படியாவது விழுங்கியிருப்பார். ஆனால் மாசானத்துக்கு அது ஆறு மாதமாகத் தெரியும் என்று பிறகு தெரிந்தது. ஆறு மாதம் தெரிந்தும் தினம் வந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துப் பேசி, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஆறு மாதத்து டீயைத்தான் சொரிமுத்து மன்னிக்கவில்லை. டீக்கடையில் ஊரார் சொல்லிச் சிரிப்பார்கள்: "துருவ நட்சத்திரங்கூட எள்ளளவு நகருமாம்வே. நம்ம சொரிமுத்து அண்ணாச்சி நகரமாட்டாரு."

வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம் அவருக்கு வந்தது மதுரையிலிருந்து வந்த மூன்று பேரால். உப்பளத்து இருட்டில் படம் எடுக்க வந்தவர்களின் கருவியில் ஒரு பல்சக்கரம் உடைந்துபோக, அவர் புதிதாக வெட்டிக் கொடுத்தார். அவர்கள் லேப்டாப்பைத் திறந்து ஒரு படம் காட்டினார்கள். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே, அறுபது வருஷமாக அவர் கண்ணுக்கு வெறும் புகைபோலத் தெரிந்த இடத்தில், ரோஜா நிறத்தில் ஒரு பெரிய பூ விரிந்து கிடந்தது.

"இது எப்படித் தம்பி நம்ம கண்ணுக்குத் தெரியல?"

"கண்ணு அப்பப்போ பாத்துட்டு அப்பப்போ மறந்துரும் அண்ணாச்சி. கேமரா மறக்காது. அஞ்சு நிமிஷம் திறந்து வச்சா, அஞ்சு நிமிஷமும் வந்ததைச் சேத்து வச்சுக்கிட்டே இருக்கும்."

மறக்காமல் சேர்த்து வைக்கிற சாமான் என்றதும் அவருக்கு அது பிடித்துப்போனது.

பெரிய தொலைநோக்கிக் குழாய் வாங்கச் சொன்னார்கள், கண்ணாடி வாங்கச் சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு அவர் வேண்டாம் என்றார். "குழாய் என்ன செய்யும்? வானம் நகருது. அதுக்குத் தக்கன நகர ஒரு கால் வேணும். கால் உறுதியா இருந்தா கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் லென்ஸ் போதும்." போனில் அதைக் கேட்ட மதுரைக்காரர், பத்து வருஷம் வாங்கி வாங்கி விற்ற பிறகுதான் தனக்கு இது புரிந்தது என்றார்.

கேமராவைத் தாங்கும் அந்தக் காலை அவரே செய்தார். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போடும் இரும்புக் குழாயைப் பட்டறையின் பின்முற்றத்தில் மூன்றடி தோண்டி நட்டு, கான்கிரீட் போட்டு, குழாய் அதிராமலிருக்க உள்ளே உலர்ந்த மணலை நிரப்பினார். உச்சியில் லாரிச் சக்கரத்து பேரிங் இரண்டு, அதில் ஒரு அச்சு, அச்சில் நூற்று நாற்பத்து நான்கு பல் வைத்த பித்தளைச் சக்கரம். அந்தப் பற்களை வெட்ட ஆறு நாள் ஆனது. பழைய ஜெராக்ஸ் மிஷினிலிருந்து எடுத்த மோட்டார், அதற்கு ஒரு பேட்டரி. இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் படம் பாழ். உப்புக்காற்று தின்றுவிடாமல் தினமும் கிரீஸ் தடவினார். முப்பது வருஷத்தில் மனைவி கோமு அவரை இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. "இந்தத் தடவலைப் பெத்த பிள்ளைக்குத் தடவியிருந்தா..." என்று ஆரம்பிப்பாள், அவர் லேத்தை ஓடவிடுவார், மீதி கேட்காது.

கடைசியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லாம் அதைச் சுற்றித்தான் நகர்கிறது. மதுரைக்காரர் போனில் வழி சொன்னார்: "நம்ம பக்கம் அது ரொம்பத் தாழ நிக்கும் அண்ணாச்சி. வடக்க பாத்துக் கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க. அடிவானத்துக்கு மேல ஒரு முஷ்டி உயரம்." சொரிமுத்து முற்றத்தில் நின்று வடக்கே கையை நீட்டி முஷ்டியை மடக்கினார். முஷ்டிக்குப் பின்னால், இளஞ்ஜோடிக்காக மாசானம் மாடியில் எழுப்பிய அறையும், அதன் தலையில் உட்கார்ந்திருந்த கறுப்புத் தொட்டியும் இருந்தன. நட்சத்திரம் அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

கால் ஊன்றுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய விஷயம். பத்தடி மேற்கே தள்ளி நட்டால் போதும்தான். நட்சத்திரம் தெரியாவிட்டாலும் சரி செய்ய வேறு வழி இருக்கிறது என்று மதுரைக்காரரும் சொன்னார். வேறொரு நட்சத்திரம் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டுமாம். ஆனால் மாசானத்தின் தொட்டிக்காகத் தன் காலைத் தான் பெயர்ப்பதா?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் தூத்துக்குடி ஸ்டுடியோ ஒன்றில் வாங்கிய பழைய கேமராவைத் திறந்தார். உள்ளே ஒரு கார்டு இருந்தது. அழிக்காத கல்யாணப் படங்கள் இருந்தன. முதல் படத்தில் செண்பகவல்லி பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்றாள். இரண்டாவதில் ஆவுடையப்பன். மூன்றாவதில், பெண்ணைப் பெற்றவன் நிற்க வேண்டிய இடத்தில், தோளில் துண்டோடு, வாயெல்லாம் பல்லாக மாசானம் நின்றான். சொரிமுத்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவில் புதுக் கார்டைச் செருகி, முற்றத்துக்கு வந்து, அச்சைத் திருப்பித் தொட்டியின் மூடிக்கு நேராக வைத்து, ஸ்பானரால் நாலு போல்ட்டையும் பல்லைக் கடித்து முறுக்கினார்.

"நீயே இருலே," என்றார். "எல்லா இடத்துலயும் நீயே நடுவுல இரு. உலகமே உன்னையச் சுத்தட்டும்."

அன்று எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் பாத்தியில் பொறுக்கிய உப்புக்கல்போலப் புள்ளி புள்ளியாக நின்றன. ரோஜாநிறப் பூவும் விரிந்து கிடந்தது. மையம் தப்பினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும் என்று சொல்லியிருந்தார்கள்; ஒரு கோடும் இல்லை. தன் கை தப்பவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் கை தப்பவில்லை என்று ஆவதற்காக வானம் இடம் மாறிக்கொண்டது என்பது அவருக்கு மறுநாள் இரவுதான் தெரிந்தது. அன்றைக்குத் தொட்டிக்குப் பின்னாலிருந்து துருவ நட்சத்திரம், பட்டியை விட்டு இறங்கும் ஆட்டைப்போல மெல்ல வெளியே வந்து, மற்ற நட்சத்திரங்களோடு தானும் சேர்ந்து தொட்டியைச் சுற்றியது.

ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. உப்பளத்துப் பெண்கள் புதிய குறி வைத்துக்கொண்டார்கள்: ஆறுமீன் கூட்டம் தொட்டிக்கு வலப்பக்கம் வந்தால் கிளம்பும் நேரம், இடப்பக்கம் போனால் பிந்திவிட்டது. கோயில் பண்டாரம் பழைய பஞ்சாங்கத்தைப் பரணில் போட்டுவிட்டு, ராத்திரி ராத்திரி மணல்மேட்டில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினார். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு "தொட்டி எறங்கு" என்று கூவினார். புதுமணமக்கள் வந்து தொட்டிக்கு மாலை போட்டார்கள். மாசானம் முதலில் கூசினான், பிறகு மீசையை முறுக்கினான், பிறகு தொட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தான். "நான் என்ன செய்யட்டும், அதுவா வந்து சுத்துது" என்பான். பின்முற்றத்தில் நின்று சொரிமுத்து இதையெல்லாம் பார்த்தார். அவன்மேல் கோபத்தில் வைத்த மையம் அவனுக்கு மகுடமாகிவிட்டதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனி கடைசியில்தான் கோமு அந்த வீட்டுச் செய்திகளைக் கொண்டுவந்தாள். அவள் தினமும் மத்தியானம் சந்தைத் தாண்டிப் போய்வருவாள். அவருக்கு அது தெரியும், தெரிந்ததாகக் காட்டமாட்டார்.

"தொட்டியில போட்ட முதல் மாலை இன்னும் வாடலையாம்," என்றாள்.

அவர் ஸ்பானரால் ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"உறை ஊத்தின பால் தயிராவலையாம். எட்டு நாளாப் பாலாவே இருக்காம். ஆவுடை கட்டைவிரல்ல அருவா பட்டுச்சே, அந்தக் காயம் ஆறவும் இல்ல, சீழ் பிடிக்கவும் இல்ல, வெட்டின அன்னைக்கு மாதிரியே செவப்பா இருக்கு."

"நல்லதுதான. கெட்டுப்போவாம இருக்கு."

"வயித்துல இருக்கதும் அப்பிடியே இருக்குங்க," என்றாள் கோமு.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

செண்பகவல்லிக்கு மாசியில் ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டார் வந்து கூப்பிட்டுப் போக வேண்டிய நேரம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெற்றவன் வந்து வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அவர் போகவில்லை. அவளும் வேறெங்கும் போய்த் தங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஒன்பதாம் மாதத்துப் பிள்ளை, நாள் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சித்திரையில் போனார்கள். ஒன்பதாம் மாதத்துப் பிள்ளை, நாள் இருக்கிறது. வைகாசியில் போனார்கள், அதே பதில். இந்த வீட்டை விட்டுத் தள்ளியிருந்தால் நாள் நகரும், சாத்தான்குளத்துச் சித்தி வீட்டில் நாலு மாதம் இருந்து பெற்றுக்கொண்டு வா என்று ஆவுடையப்பன் கையைப் பிடித்துக் கேட்டான். "எங்கப்பா வந்து கூப்பிடட்டும்," என்றாள் அவள். "அதுவரைக்கும் வேற வீட்டு வாசல்ல போயி எறங்கமாட்டேன்." அச்சு அசல் அவர் பிள்ளை.

ஊர் இதற்கும் பழகியது. பன்னிரண்டு மாதக் கர்ப்பிணி, பதிமூன்று மாதக் கர்ப்பிணி என்று எண்ணிச் சொல்வதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. ஆனால் செண்பகவல்லி ராத்திரியில் தூங்குவதில்லை என்று கோமு சொன்னாள். பிள்ளை வயிற்றில் உதைப்பதை நிறுத்திவிட்டது. சாகவில்லை, நெஞ்சுத்துடிப்பு இருக்கிறது. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள்.

போல்ட்டைக் கழற்றினால் போதும் என்று சொரிமுத்துவுக்குத் தெரியும். அவன் வந்து கேட்கட்டும் என்று இருந்தார். ஒருநாள் அவன் வந்தான். பட்டறை வாசலில், நாலு வருஷத்துக்கு முன் உட்கார்ந்த பெஞ்சுக்கு அருகே, உட்காராமல் நின்றான்.

"ஏல சொரிமுத்து. அந்த எழவை எடுத்துத் தூரப் போடுதியா இல்லியா?"

"எந்த எழவை?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. பண்டாரம் எல்லாத்தையும் கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு. உன் கம்பி என் தொட்டியப் பாத்து நிக்குன்னு ஊருக்கே தெரியும்."

"என் முத்தத்துல என் கம்பி எதையும் பாக்கும். உனக்கு வேற ஏதும் சொல்லணும்னா சொல்லு."

மாசானத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய்வரைக்கும் வந்ததைச் சொரிமுத்து பார்த்தார். ஆனால் வாசலில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வயசு ஆயிருக்கே தவிர ஒனக்குப் புத்தி வரல," என்று சொல்லிவிட்டு மாசானம் திரும்பிப் போனான்.

"அவ்வளவுதானா?" என்று இவர் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான்.

அப்படியே ஆனி பிறந்தது. ஆனியில் ஒருநாள் காலை சொரிமுத்து முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன் உட்கார்ந்தபோது, சவரம் செய்ய முகத்தில் ஒன்றும் இல்லை. முந்தாநாள் மழித்தது மழித்தபடி இருந்தது. அடுப்படிக்குப் போய்த் தயிர்ச்சட்டியைத் திறந்தார். பால். அவர் வெளியே வந்து சந்தைப் பார்த்தார். சந்தில் கிடந்த முருங்கைப்பூ வாடாமல் கிடந்தது. மாசானத்தின் வீட்டோடு நின்றது சந்தைத் தாண்டி அவர் வீட்டுக்கு வந்திருந்தது. மறுநாள் அது தெற்குத் தெருவுக்குப் போனது. மூன்றாம் நாள் உப்பளத்தில் முதல் வரிசைப் பாத்திகளில், கொதிக்கிற வெயிலில், உப்பு விளையாமல் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. அப்போதுதான் ஊர் முதன்முதலாகப் பயந்தது.

பண்டாரம் வந்தார். "தினம் ஒரு தெரு தூரம் போவுது அண்ணாச்சி. ஊரைத் தாண்டினா எங்க நிக்கும்னு என் கணக்குல வரல."

சொரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக் கடந்தார். நாலு வருஷமாகக் கடக்காத ஏழடிச் சந்து. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி செண்பா. வீட்டுக்கு வா."

அவள் உள்ளேயிருந்து வந்தாள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு முன்னால் வந்து நின்றது. முகத்தில் சதை இல்லை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"இப்ப வாரீகளே யப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நம்ம வீட்டுலயும் தயிர் உறையலன்னு அம்மா சொல்லுதா. அங்க வந்தாலும் இங்க இருக்க மாதிரிதான இருக்கும்?"

மூன்று மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் ஒரு வார்த்தை, இப்போது வாசலில் கிடந்தது, எடுப்பார் இல்லாமல்.

"சித்தி வீடு..." என்றார்.

"இங்கேருந்து கொண்டுபோனாலும் இது அசைய மாட்டேங்குப்பா. நேத்து பூரா ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாச்சு. ரொம்ப நாள் நின்னுருச்சு." அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு துடிப்பு, மிகத் தூரத்தில் ஓடும் மோட்டார்போல, சீராக, எதற்கோ காத்துக்கொண்டு.

அவர் முற்றத்துக்கு ஓடிவந்து போல்ட்டில் ஸ்பானரைப் போட்டார். அசையவில்லை. மூன்றடிக் குழாயைச் செருகி நெம்பினார். ஸ்பானர் வளைந்தது, போல்ட் அசையவில்லை. ஆவுடையப்பன் கடப்பாரையோடு வந்து இரும்புக் காலை இடிக்க ஓங்கியபோது சொரிமுத்து அவனை இடுப்போடு பிடித்து இழுத்தார். மருமகனான பிறகு அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கை வைக்காத. வானத்து மொத்தப் பாரமும் இதுல நிக்கு. தாங்க வேற ஒண்ணு குடுக்காம இதைத் தட்டினா எல்லாம் சேந்து சரியும்."

அன்று பகல் முழுக்க அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாயங்காலம் அச்சில் விரலை வைத்தபோதுதான் விரலுக்குப் புரிந்தது. லேத்தில் ஒரு தண்டை நடு தப்பிப் பிடித்தால் அது ஆடும்; ஆட ஆடச் சுற்றியிருப்பதையெல்லாம் தின்னும். சரியான நடுவில் பிடித்தால், நிற்பது ஊசிமுனை அளவுதான், மற்றதெல்லாம் ஓடும். தொட்டி நடு இல்லை. கோபத்தில் வைத்தது. அதனால்தான் ஊரையே தின்கிறது. அச்சுக்கும் தொட்டிக்கும் நடுவே, நூல் பிடித்ததுபோல நேராக, கொஞ்சமும் ஆடாத ஒன்றை வைத்தால் பாரம் அதில் இறங்கும்.

ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்தார்கள். ராத்திரிக்குள் இரண்டாகப் பிளந்தது. கோயில் வாசலில் கிடந்த பழைய தூண்துண்டை வைத்தார்கள். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"கல்லுக்கு அசையாம இருக்கத் தெரியாது," என்றார் சொரிமுத்து. "யாராவது தள்ளுறவரைக்கும் சும்மா கெடக்கும், அவ்வளவுதான். தள்ளினாலும் அசையமாட்டேன்னு நிக்கிற ஒண்ணு வேணும்."

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடையில் சொல்லிச் சிரித்தது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டறையிலிருந்து இரும்பு நாற்காலியை அவரே தூக்கிவந்தார். காலுக்குக் கீழே செங்கல் கொடுத்து, அச்சின் கோடு தன் நெஞ்சுக்குழிக்கு வருமாறு உயர்த்தினார். ஆனால் இது ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. தொட்டிப் பக்கம் நின்று நூலின் மறுமுனையைப் பிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் கேட்காமலே மாசானம் மாடி ஏறி நூலைப் பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் கெழக்க," என்றான் மேலேயிருந்து.

"போதுமா?"

"ஒரு நெல்லளவு."

"இப்ப?"

"இப்ப சரி."

அப்படி ஒரு மணி நேரம், தொழிலைத் தவிர வேறு வார்த்தை இல்லாமல், நாலு வருஷம் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் கிழக்கு மேற்காகப் பேசி முடித்தார்கள். பிறகு மாசானம் இறங்கி வந்தான். சந்தைத் தாண்டி முற்றத்துக்குள் வந்து, நாற்காலியில் உட்காரப்போனவருக்கு முன்னால் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஏல சொரி. அந்த ஆறு மாசம். நான் உங்கிட்ட..."

"சொல்லாத," என்றார் சொரிமுத்து.

"இல்லலே, நான் சொல்லியே ஆவணும். அன்னைக்கே..."

"சொல்லாதன்னு சொல்லுதேம்லா!" அவர் கத்தினார். பிறகு குரல் தாழ்ந்தது. "நீ சொல்லிட்டா நான் அசைஞ்சிருவேன். இவ்வளவு நாளும் இது ஒண்ணுதான் என்னைய அசையாம வச்சிருக்கு. இன்னைக்கு இதையும் புடுங்கிட்டேன்னா அந்தப் பிள்ளைக்கு யாருலே உக்காருவா?"

மாசானம் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குள் அந்த வார்த்தை நின்றது.

சொரிமுத்து சட்டைப்பையிலிருந்து கேமரா கார்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த மூன்றாவது படத்தை, தோளில் துண்டோடு நின்ற மாசானத்தை, நன்றாக மனதில் கொண்டுவந்து, உட்கார்ந்தார். மோட்டார் ஒருமுறை திணறியது. தொட்டியில் கிடந்த மாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாடிச் சருகாயின. வானம் அவர் பக்கம் திரும்பி இறங்கியது. சந்துக்கு அந்தப் பக்கம் செண்பகவல்லி அடிவயிற்றிலிருந்து அலறினாள், பெண்கள் ஓடினார்கள், வெந்நீர், துணி என்று குரல்கள் கேட்டன. விடியுமுன் ஒரு பிள்ளையின் அழுகை எழுந்தது.

அந்த அழுகையின் முதல் பாதியில் சொரிமுத்துவின் முகம் அதைக் கேட்டபடி நின்றது. மறுபாதி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெண்பிள்ளை. இப்போது ஐந்து வயது, பள்ளிக்கூடம் போகிறது. பாத்திகளில் உப்பு விளைகிறது, பால் தயிராகிறது, பண்டாரம் மூன்றாவது பஞ்சாங்கம் எழுதிவிட்டார், கண்டக்டர் "நாற்காலி எறங்கு" என்று கூவுகிறார். ஆவுடையப்பன் வாரம் ஒருமுறை பேட்டரி மாற்றிப் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவுகிறான். கோமு தினமும் அவர் முகத்தில் படிந்த உப்பைத் துடைத்துவிடுகிறாள். சவரம் செய்யவேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கு அவர் காலடியில் அவள் வைத்த டீயில் இன்னும் ஆவி பறக்கிறது.

சாயங்காலமானால் மாசானம் வந்து எதிரே பெஞ்சில் உட்காருகிறான். ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் இந்தக் கார்த்திகையிலிருந்து அவனுக்கு நெஞ்சிருமல் பிடித்திருக்கிறது, ராத்திரியில் காய்ச்சல் ஏறுகிறது. காய்ச்சலில் மனிதர்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள் என்று ஊருக்குத் தெரியும். அந்த வார்த்தை சொரிமுத்துவின் காதில் விழுமா, விழுந்தால் அவர் அசைந்துவிடுவாரா என்று யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் முறை வைத்து, தினம் இரண்டு பேர், மாசானத்தின் இரண்டு பக்கமும் உட்காருகிறார்கள். அவன் உதடு அசையும்போதெல்லாம் ஒருவர் எழுந்து அவன் வாயைப் பொத்துகிறார், மற்றவர் வானத்தைப் பார்க்கிறார்.